அப்பாவுக்கு அயோர்ட்டாவில் கிழிசல், மாத்திரை மட்டும் போதுமா?

கொங்குப்பையன்:
அப்பாவுக்கு 61 வயது. போன வியாழன் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அரிவாளால் கிழிக்கிற மாதிரி வலிக்கிறது என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் போன இடத்தில் ஈசிஜி பார்த்துவிட்டு, வாயுதான் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி வேறு ஆஸ்பத்திரியில் சிடி ஆஞ்சியோ எடுத்த பிறகுதான் தெரிந்தது, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் கிழிந்திருக்கிறது என்று; அயோர்ட்டா டிஸெக்‌ஷன், டைப் பி, அதாவது அந்தக் குழாய் கீழே இறங்கும் பகுதியில் கிழிசல். இப்போது ஐசியுவில் பிரஷர் மருந்து மட்டும் ஏறுகிறது, ஆபரேஷன் தேவையில்லை என்கிறார்கள். கிழிந்ததைத் தைக்காமல் எப்படி விடுவது? மாமா வேறு, உடனே சென்னைக்குக் கொண்டுபோ என்று பிடிவாதமாக நிற்கிறார்.

ராத்திரி டியூட்டி:
ஐசியு நர்ஸ் நான். பதறாதீங்க தம்பி. பேன்ட் பாக்கெட் லைனிங் பிரிந்திருந்தால் கை துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே போய்விடும் இல்லையா, அதே கதைதான். உள்சுவர் கிழிந்து ரத்தம் சுவருக்குள்ளேயே தனி வழி போட்டுக்கொள்கிறது, ஒவ்வொரு துடிப்பும் அதை இன்னும் கொஞ்சம் பிரிக்கும். அதனால்தான் நாடித்துடிப்பை 60க்குள், மேல் பிரஷரை 100லிருந்து 120க்குள் பிடித்து வைக்கிறார்கள். சிக்கல் இல்லாத டைப் பிக்கு இதுதான் முதல் வைத்தியம், அலட்சியம் இல்லை. ஆனால் வலி திரும்ப வந்தாலோ, வயிறு வலித்தாலோ, கால் சில்லிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே சொல்லுங்கள், ரத்தம் எங்கோ போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது துணி போர்த்திய கம்பி வலைக் குழாய் விட்டுக் கிழிசலின் வாயை மூடுவார்கள், நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்காது. இந்த நிலையில் ஆம்புலன்ஸில் குலுங்கிக்கொண்டு சென்னை போக வேண்டுமா என்பதை மாமா இல்லை, டாக்டர் முடிவு செய்யட்டும்.

பழைய பேஷன்ட்:
எனக்கு வந்தது டைப் ஏ, அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே கிழிசல். அதற்குக் காத்திருக்கவே கூடாது, முதல் இரண்டு நாளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்றிரண்டு சதவீதம் உயிராபத்து கூடும் என்பார்கள். நெஞ்சைத் திறந்து அந்தத் துண்டை வெட்டி டேக்ரான் என்ற செயற்கைத் துணிக் குழாய் வைத்துத் தைத்தார்கள். நல்லவேளை, ஹார்ட் அட்டாக் என்று நினைத்து ரத்தக்கட்டு கரைக்கும் ஊசி போடவில்லை, இதில் அது விஷம்.

வாசகன்:
ஒரு தகவல். ஹூஸ்டனில் இந்த ஆபரேஷனுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவரான சர்ஜன் மைக்கேல் டிபேக்கி, அந்த டேக்ரான் குழாயை முதலில் வீட்டுத் தையல் மிஷினில் தைத்துப் பார்த்தவர். 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே அயோர்ட்டா கிழிந்தது. முதலில் வேண்டாம் என்றார், கடைசியில் 2006 பிப்ரவரியில் ஆபரேஷன். 2008 ஜூலை வரை இருந்தார். எனக்கே வியப்பு.

கொங்குப்பையன்:
நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். இன்று மேல் பிரஷர் 114, வலி இல்லை, இட்லி கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகு?

ராத்திரி டியூட்டி:
மாத்திரை ஆயுளுக்கும், ஒரு நாள் கூடத் தவறக் கூடாது. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக் கூடாது, கேஸ் சிலிண்டர் கூட. பீடி சிகரெட் இருந்தால் இன்றோடு சரி. சில மாதத்துக்கு ஒருமுறை சிடி எடுத்துக் குழாய் விரிகிறதா பார்ப்பார்கள், பழைய ஸ்கேன் படங்களைத் தொலைத்துவிடாதீங்க. அப்புறம் சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் யாராவது எழுதினால், அப்பாவுக்கு இந்தப் பிரச்சினை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.