லைசன்ஸ் கொடுத்தபிறகு அந்த ஆளைத் திரும்பிப் பார்ப்பது யார்?

வரப்போரம்:
எங்கள் பக்கம் ஒருவரிடம் டபுள் பேரல் (இரட்டைக்குழல்) துப்பாக்கி இருக்கிறது. தற்காப்புக்கு என்று வாங்கிய லைசன்ஸ். இப்போது விடிந்ததிலிருந்து குடி, வீட்டில் அடிதடி, பக்கத்து நிலத்தாரோடு வரப்புத் தகராறு. போன மாதம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்து நின்றிருக்கிறார்; சுடவில்லை. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டதோடு சரி. இப்படிப்பட்டவர்களுக்கு எதைப் பார்த்து லைசன்ஸ் கொடுக்கிறார்கள்? கொடுத்ததைப் பிடுங்க வழி உண்டா? "எல்லாம் கலெக்டர் கையில்" என்ற பதில் வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள்.

கோப்புநடை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள், இந்த இரண்டும்தான் அடிப்படை. ஏ-1 படிவத்தில் மனு. மாவட்டத்தில் கலெக்டரிடம், கமிஷனரேட் உள்ள நகரத்தில் போலீஸ் கமிஷனரிடம். ஸ்டேஷன் அறிக்கை 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால், அதற்குக் காத்திராமலே உத்தரவு போட பிரிவு 13(2ஏ) இடம் தருகிறது. ஸ்டேஷன் பார்ப்பதும் பெரும்பாலும் "வழக்கு உண்டா, இல்லையா" என்பதைத்தான். வீட்டுக்குள் நடக்கும் அடிதடி எஃப்.ஐ.ஆர். ஆகாதவரை அந்த அறிக்கையில் ஏறாது.

மனுவோடு தரும் எஸ்-3 படிவ மருத்துவச் சான்று இருக்கிறதே என்பீர்கள். மனநலம், உடல்தகுதி, போதைப் பழக்கம் இல்லை என்பதற்கெல்லாம் சேர்த்து ஒரே சான்று. மனநல மருத்துவர்தான் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த ஆளைப் பார்க்கும் டாக்டர் கையெழுத்துப் போட்டாலும் செல்லும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கைத்துப்பாக்கி கேட்டால் தக்க காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள மரைவெட்டு இல்லாத (குழலின் உட்புறம் வழவழப்பான) துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டாலும், பயிரைக் காக்க, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டாலும், "கொடுக்க வேண்டும்" என்றே பிரிவு 13(3) பேசுகிறது. மறுப்பதென்றால் பிரிவு 14-இல் உள்ள காரணத்தை எழுத்தில் காட்ட வேண்டியவர் அதிகாரி. நீங்கள் சொல்லும் டபுள் பேரல் இந்த வகையில்தான் வரும்.

2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அதே திருத்தம் லைசன்ஸ் காலத்தை 3 வருடத்திலிருந்து 5 ஆக நீட்டியது. ஆளைத் திரும்பிப் பார்க்கும் இடைவெளி கூடிவிட்டது.

வாய்தா:
ரத்துக்குப் பிரிவு 17(3). மனுவில் "இவர் ஆபத்தானவர், நடவடிக்கை எடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் அது அதே ஸ்டேஷனுக்கு விசாரணைக்குப் போய், "சமாதானமாகிவிட்டனர்" என்ற ஒரு வரியோடு திரும்பி வரும். உட்பிரிவைச் சொல்லி எழுதுங்கள்: (அ) எந்தக் காரணத்தாலோ தகுதியற்றவர், (ஆ) பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் தேவை, (இ) விண்ணப்பத்தில் முக்கியத் தகவலை மறைத்தவர், (ஈ) லைசன்ஸ் நிபந்தனையை மீறியவர். குடிக்கு (அ). வரப்பில் துப்பாக்கியோடு நின்றதற்கு (ஆ), (ஈ) இரண்டும்.

கூடவே சி.எஸ்.ஆர். எண்ணும் தேதியும், நேரில் பார்த்த இருவரின் கையெழுத்து வாக்குமூலம், ஆஸ்பத்திரிச் சீட்டு, தேதி தெரியும் வீடியோ. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்கள், எஸ்.பி.க்கு ஒரு நகல் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன்.

சி.எஸ்.ஆரோடு நிற்கவும் கூடாது. ஆயுதச் சட்டக் குற்றம் எதுவானாலும் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடியதே என்று பிரிவு 38 சொல்கிறது. லைசன்ஸ் நிபந்தனை மீறலுக்குப் பிரிவு 30, மிரட்டலுக்குப் பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த புதிய தண்டனைச் சட்டம்) 351. ஸ்டேஷனில் மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-இன்படி எஸ்.பி.க்கு, அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம்.

வரப்போரம்:
நன்றி சார். எஃப்.ஐ.ஆர். விழுந்துவிட்டால் லைசன்ஸ் தானாகப் போய்விடுமா?

வாய்தா:
போகாது. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ரத்து செய்த உத்தரவுகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை தள்ளியிருக்கின்றன. காரணம் எழுதாத உத்தரவும் அப்பீலில் நிற்காது. அப்பீலுக்கு 30 நாள் உண்டு. அவசரப்பட்டுப் போட்ட ரத்து உத்தரவு பாதிக்கப்பட்டவருக்குத்தான் கெடுதல், ஏனென்றால் துப்பாக்கி திரும்பிவிடும், கோபமும் கூடவே வரும்.

உறுதியான வழி நன்னடத்தைப் பிணை, அதாவது ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று எழுதித்தரும் பத்திரம். பி.என்.எஸ்.எஸ். 126 அல்லது 129-இன் கீழ் (பழைய சி.ஆர்.பி.சி.யில் 107, 110) ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் பிணை எழுதித்தர உத்தரவு வந்தால், அந்தப் பிணைக்காலம் முழுவதும் அவர் துப்பாக்கி வைத்திருக்கவே தடை. ஆயுதச் சட்டப் பிரிவு 9 அப்படித்தான் சொல்கிறது. இதில் "தகுதியா, இல்லையா" என்ற வாதத்துக்கே வேலையில்லை.

மலைக்காற்று:
சரி, அதுவரை துப்பாக்கி அந்த வீட்டில்தானே இருக்கும்? ஆயுதச் சட்டப் பிரிவு 22-ஐ யாரும் சொல்லவில்லையே. பொது அமைதிக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால், லைசன்ஸ் உள்ள துப்பாக்கியையும் மாஜிஸ்திரேட் சோதனை போட்டு எடுத்துப் பாதுகாப்பில் வைக்கலாம். ரத்து உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மனுவில் இதைத் தனியாகக் கேளுங்கள். மனைவி குடும்ப வன்முறைச் சட்டத்தில் போனால், நீதிமன்றம் எழுத்தில் சொல்லும்பட்சத்தில் பாதுகாப்பு அலுவலர் போலீஸ் உதவியோடு ஆயுதத்தைக் கைப்பற்ற அந்த விதிகளிலும் வழி உண்டு.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கட்டம் இன்னும் முக்கியம். இங்கிலாந்தில் பிளிமத் நகரின் கீயம் பகுதியில் 2021 ஆகஸ்டில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றவனுடைய துப்பாக்கி, முந்தைய அடிதடி ஒன்றுக்காகப் போலீஸ் ஏற்கெனவே பறித்து வைத்திருந்தது. அதை ஜூலையில் அவனிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதன்பிறகே அங்கே மருத்துவ விவரம் இல்லாமல் லைசன்ஸ் இல்லை என்று கறாராக்கினார்கள். இங்கே திருப்பிக் கேட்டு மனு வந்தால், உங்கள் தரப்பையும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

அந்த வீட்டாருக்கு ஒன்று சொல்லுங்கள். பயத்தில் மகனோ மச்சானோ துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வேறு வீட்டில் ஒளித்து வைத்தால், லைசன்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த வழக்கு அவர்கள்மேல் வரும். இருக்கும் இடத்தைப் போலீசுக்குச் சொல்லி, அவர்களையே வந்து எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்கும்போது துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை இரண்டும் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளட்டும். தோட்டாப் பெட்டி பெரும்பாலும் தனியே பீரோவில் இருக்கும், அதை விட்டுவிட்டு வருவார்கள்.