புதுப்பிப்பு: ஈழத்தலரி இலையில் ஆரஞ்சுப் பொடி

ஈழத்தலரி (புளூமேரியா) மரத்தில் இலைகள் மஞ்சள் புள்ளி விழுந்து உதிர்வதாக முன்பு எழுதியிருந்தேன். பூச்சியா, சத்துக் குறைவா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இது துரு நோய். கோலியோஸ்போரியம் என்ற பூஞ்சையின் வேலை. புள்ளிக்கு நேர் கீழே, இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள். தேய்த்தால் விரலில் பொடி ஒட்டுகிறது. சத்துக் குறைவில் இப்படிப் பொடி வராது.

உதிர்ந்த இலைகளையெல்லாம் அகற்றி, நெருக்கமான கிளைகளைக் கழித்துவிட்டேன். தண்ணீர் இலையில் படாமல் வேருக்கு மட்டும். அப்புறம் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம். வெயில் தாழ்ந்தபின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளித்தேன். கந்தகம் பழைய புள்ளிகளை ஆற்றாது, புது இலைகளைத்தான் காக்கும். இப்போது வரும் தளிர்கள் சுத்தமாக இருக்கின்றன, அவ்வளவு நிம்மதி! மழை தொடங்கினால் மறுபடி தெளிக்க வேண்டும்.