ரெசிடென்ட் ஈவில்: பயம் எந்தப் பாகத்தோடு போனது? புதிதாகத் தொடங்குபவனுக்கு எதைக் கொடுப்பது?

மகாமகக்கரை, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடியபோது தொடங்கிய வாக்குவாதம் காணும் பொங்கல் கடந்தும் ஓயவில்லை என்பதால் அதை இங்கே கொண்டுவருகிறேன். தஞ்சாவூரில் கல்லூரி முதலாண்டு படிக்கும் என் சித்தி மகன், ரெசிடென்ட் ஈவில் என்ற ஜாம்பித் திகில் வீடியோ கேம் வரிசையை எந்தப் பாகத்தில் தொடங்கலாம் என்று சாதாரணமாகத்தான் கேட்டான். நான் முதல் பாகம் என்றேன். என் மச்சான் நான்காம் பாகம் என்றார். மச்சானின் தம்பியோ, ஏழுக்கு முன்னால் வந்ததெல்லாம் பரண் சரக்கு என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

என் கட்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமான கேப்காம் வெளியிட்ட, மாளிகைக்குள் நடக்கும் முதல் பாகத்தில் கேமரா நம் வசத்தில் இருக்காது. ஒவ்வோர் அறையிலும் அது எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆட்டத்தைச் செய்தவர்கள் முன்பே முடிவு செய்திருப்பார்கள். திரையில் நம் ஆள் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும், மேல் விசையை அழுத்தினால் அவர் தமக்கு முன்னால்தான் நடப்பார். திரும்புவதென்றால் நின்ற இடத்திலேயே தேர் திரும்புவதுபோல மெல்லத் திரும்ப வேண்டும். ஆட்டத்தைச் சேமிக்கத் தட்டச்சு இயந்திரம் வேண்டும், அதற்கு மை ரிப்பன் வேண்டும், அந்த ரிப்பனும், நாயகி ஜில்லாக ஆடினால் பொருள் வைக்க இருக்கும் எட்டு இடங்களில், நாயகன் கிறிஸ் என்றால் ஆறே இடங்களில், ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். (டைப்ரைட்டிங் லோயர் முடித்திருக்கும் என் சித்தி மகனுக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் உடனே பிடித்துப்போயிற்று.)

பிறகு 2005இல் வந்த நான்காம் பாகம் கேமராவை நாயகன் லியோனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது. 2009இல் ஐந்தாம் பாகம், கூடவே ஓடிவரும் ஒரு துணையோடு, ஆப்பிரிக்க வெயிலில் நடந்தது. 2012இல் வந்த ஆறாம் பாகம் சண்டைப் படமாகவே ஆகிவிட்டது. 2017இல் ஏழாம் பாகம் கேமராவைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டது. பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே நாலு வகைக் கடை. இவற்றில் எந்த மாற்றத்தோடு இந்த வரிசையின் உயிர் போனது, அல்லது போகவே இல்லையா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும். சித்தி மகனுக்கு ஒன்றுதான் வாங்கித் தருவேன், காசு என்னுடையது.

பாமணிக்கரை, மன்னார்குடி

தம்பிக்கு வணக்கம். 2007 வாக்கில் எட்டுக் கணினிகளை வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். நான்காம் பாகத்தின் கணினிப் பதிப்பு அந்த ஆண்டில்தான் வந்தது. அதில் மவுஸ் வேலை செய்யாது. நடப்பதும் குறிவைப்பதும் எல்லாம் விசைப்பலகையிலேயே நடக்க வேண்டும். அப்படியிருந்தும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் அந்த ஒரு கணினிக்காக வரிசையில் நின்றார்கள். ஆடுகிறவன் ஒருவன், அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்க்கிறவர்கள் ஐந்தாறு பேர் என்ற கணக்கில்தான் அது ஓடியது.

பயம் போய்விட்டது என்பவர்கள் அந்தத் தொடக்கக் கிராமத்தை மறந்துவிட்டார்கள். இருட்டு மாளிகை இல்லை, பட்டப்பகல். வைக்கோல் வாரும் கவையோடும் கோடரியோடும் ஊரே கிளம்பி வருகிறது. வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தி அலமாரியை இழுத்து அடைத்தால் சன்னலில் ஏணி சாத்துகிறார்கள். தலையில் சாக்குப்பை கட்டிய ஒருவன் இயந்திர ரம்பத்தை முடுக்கும் சத்தம் கேட்டதும், ஆடுகிறவனைவிட நின்று பார்க்கிறவர்கள்தான் முதலில் அலறுவார்கள். அப்புறம் எங்கோ ஒரு மணி அடிக்கும். அத்தனை பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போய்விடுவார்கள். அந்த அமைதியில் என் கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்காம் பாகத்தில் துப்பாக்கியை உயர்த்தினால் கால் நகராது. ஓட வேண்டும் அல்லது சுட வேண்டும், இரண்டும் ஒருசேர நடக்காது. நீங்கள் சொல்லும் அந்தத் தேர் திரும்புவதன் மறுபிறவிதான் இது. தவிரவும் அடிக்கடி செத்தால் ஆட்டம் கமுக்கமாக இளகிக்கொடுக்கும், நன்றாக ஆடினால் இறுக்கிப் பிடிக்கும்; பிள்ளைகளுக்கு இது தெரியாது, "இந்தக் கணினியில் மட்டும் ஈசியாக இருக்கிறது" என்று இடத்துக்குச் சண்டை போடுவார்கள். முதல் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமியே நான்காம் பாகத்தையும் இயக்கினார். அதற்கு முன் செய்து பார்த்த முயற்சிகளில் ஒன்று தடம் மாறி 2001இல் டெவில் மே க்ரை என்று தனி ஆட்டமாகவே வெளிவந்தது. வீட்டைக் கட்டியவரே சுவரை இடித்துக் கட்டினால் அதைத் துரோகம் என்று எப்படிச் சொல்வது?

அரசலாறு, காரைக்கால்

பாமணிக்கரை அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கட்டியவரே இடித்தார் என்பது உண்மைதான். ஆனால் இடிந்தது எது என்பதை அவர் குறைத்துச் சொல்கிறார்.

கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டால், நம் ஆள் எதைப் பார்க்கிறாரோ அதையே நாமும் பார்க்கிறோம். பழைய முறையில் அப்படி அல்ல. ஒரு தாழ்வாரத்தின் கடைசியில், மேலே ஒரு மூலையில் கேமரா இருக்கும். ஜில் நம்மை நோக்கி நடந்து வருவாள். அவளுக்கு முன்னால், நமக்கோ திரைக்கு வெளியே, யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை கேட்கும். ஜில்லின் கண்ணெதிரே நிற்கும் உருவத்தை நான் பார்க்க முடியாது. இன்னும் இரண்டடி வைத்தால் கேமரா மாறும், அப்போதுதான் தெரியும். அந்த இரண்டடியை வைப்பதா வேண்டாமா என்று விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரங்கள் நான்காம் பாகத்தில் எனக்கு ஒரு முறையும் வாய்க்கவில்லை. அங்கே பதற்றம் இருந்தது. பதற்றமும் பயமும் ஒன்றல்ல.

இந்த முறை பழசாகிவிட்டது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2002இல் முதல் பாகத்தையே மறுபடி உருவாக்கினார்கள். சன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் தாழ்வாரம் எல்லோருக்கும் மனப்பாடம் அல்லவா? புதிய பதிப்பில் அந்த இடத்தைக் கடக்கும்போது கண்ணாடி விரிசல் மட்டும் விடும், நாய் வராது. தப்பித்தோம் என்று நினைத்து, வேறு வேலையாகத் திரும்பி வரும்போதுதான் வரும். அதேபோல், சுட்டு வீழ்த்திய ஜாம்பியின் தலையும் சிதறாமல், உடலை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கவும் செய்யாமல் விட்டுவிட்டால், சிறிது நேரம் கழித்து அது சிவந்த தலையும் நீண்ட நகமுமாக எழுந்து ஓடிவரும். மண்ணெண்ணெயோ அளவாகத்தான் கிடைக்கும். எந்தப் பிணத்தை எரிப்பது, எதை விட்டுவைத்து வழியை மாற்றிக்கொள்வது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஆடினேன். மாதக் கடைசியில் மளிகைக் கணக்குப் பார்க்கிற மாதிரிதான்.

பழைய பிளேஸ்டேஷனில் நான் முதல் பாகத்தை ஆடியது 2012இன் மின்வெட்டுக் காலத்தில். ரிப்பனை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு மணி நேரம் சேமிக்காமல் ஓட்டுவேன், மின்சாரம் போகும், அவ்வளவும் போகும். கடைசியில் மின்வெட்டு நேரத்தை மனத்தில் வைத்து ரிப்பனைச் செலவழிக்கக் கற்றுக்கொண்டேன். ஜப்பானில் இருந்தவர்கள் யோசிக்காத கடினநிலை அது.

நாயனச்சத்தம், ஆடுதுறை

நண்பர்கள் கேமராவைச் சுற்றியே நிற்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், நாயனம் என்கிற நாதஸ்வரம் செய்வதற்குப் பெயர்போன நரசிங்கம்பேட்டை இருக்கிறது. உயரமான சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரி நாயனத்தை விட்டுவிட்டு, நீளமான பாரி நாயனத்துக்கு நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை மாறினார்; அதைச் செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. இன்று பாரிதான் நாயனம் என்று நினைக்கிறோம். கருவி மாறியதால் அவருடைய தோடி ராகம் போய்விடவில்லை.

ஏழாம் பாகத்தைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். முதல் நபர் பார்வை என்றதும், இது ரெசிடென்ட் ஈவிலே இல்லை என்று கொதித்தவர்களில் நானும் ஒருவன். ஆடிப் பார்த்தால், உள்ளே இருப்பது அதே பழைய மாளிகை: பூட்டிய கதவுகள், விசித்திரமான சாவிகள், போதாத இடம், எண்ணி வைத்த தோட்டாக்கள். லூசியானாவின் சதுப்புநிலத்து வீடு என்பதால் நம் பக்கத்துப் பூட்டிக்கிடக்கும் பழைய பண்ணை வீடுகளின் ஈர வாசனைகூட எனக்கு வந்தது. அந்த வீட்டுக்காரர் ஜாக் பேக்கர் சுட்டாலும் விழுந்து எழுந்து வருவார். அடி விழும்போது நாயகன் ஈத்தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்குவான். நம் கண்ணுக்கு நேரே அந்தக் கைகள் மட்டும் தெரியும், வருகிறவர் மறைந்துவிடுவார். அரசலாறு சொல்லும் "பார்க்க முடியாத அந்த இரண்டடி" அங்கே நம் கைக்குப் பின்னாலேயே இருக்கிறது. மிகக் கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால், சேமிப்பதற்கு ஒலிநாடா வேண்டும். உங்கள் மை ரிப்பனின் பேரன் அது.

ஆறாம் பாகத்துக்காக வாதாட மாட்டேன். அதில் மாறியது கருவியல்ல, ராகம்.

அரசலாறு

நாயனத்தையும் ஜாம்பியையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டீர்கள். ஏழாம் பாகம் பயமுறுத்துகிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. பயமுறுத்தும் முதல் நபர் ஆட்டங்கள் வேறு பல இருக்கின்றன. நிலையான கேமராவில் பெரிய செலவு செய்து எடுப்பவர்கள் இன்று அநேகமாக இல்லை. என் மனக்குறை அதுதான். மற்றவர்களும் செய்வதை இவர்களும் செய்கிறார்கள், இவர்கள் மட்டும் செய்துவந்ததை யாருமே செய்வதில்லை.

உப்பளத்தான், வேதாரண்யம்

தாமதமாக வந்து சேர்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் ஊரைப் புரட்டிப்போட்டபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இரவில் காது தானாகக் கூர்மையாகிவிடும். கூரையின் மேல் விழுவது ஓலையா, நடப்பது பூனையா என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகிவிட்டோம். அடுத்த ஜனவரியில் இரண்டாம் பாகத்தின் மறுவுருவாக்கம் வெளியானது. மின்சாரம் வந்து, வீடு ஒழுங்கான பிறகு அதை ஆடினேன். கேமரா தோளுக்குப் பின்னால்தான். ஆனால் காவல் நிலையத்தில் நம்மைத் துரத்தும் தொப்பிக்காரன் மிஸ்டர் எக்ஸ் நடக்கும் பூட்ஸ் ஓசை மேல்மாடியிலா, பக்கத்து அறையிலா என்று கேட்டுக் கேட்டு நகர வேண்டியிருந்தது. நான் பார்த்து ஆடவில்லை, கேட்டு ஆடினேன்.

ஆகவே கேமரா எங்கே நிற்கிறது என்பதைவிட, ஆட்டம் நம்மிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்பதுதான் கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் பாகம் பார்வையைப் பிடுங்கிக்கொண்டது. நான்காம் பாகம் காலைக் கட்டிப்போட்டது. 2021இல் வந்த எட்டாம் பாகமான வில்லேஜில் பெரும்பகுதி துப்பாக்கிக் கொண்டாட்டம்தான். ஆனால் பெனவியெண்டோ வீட்டுக்குள் நுழைந்ததும் கையில் இருந்த ஆயுதங்கள் அத்தனையும் காணாமல் போகும், அந்த ஒரு பகுதியைத்தான் எல்லோரும் இன்றும் பேசுகிறார்கள். ஆறாம் பாகம் எதையுமே பிடுங்கவில்லை. ஓடு, சுடு, உதை, உருளு என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொடுத்தது. கையில் எல்லாம் இருப்பவன் எதற்காகப் பயப்பட வேண்டும்?

அரசலாறு அவர்களின் மனக்குறை நியாயமானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த பாகமான ரெக்வியமை 2025இல் அறிவித்தபோது முதல் நபர் பார்வை, தோள் பார்வை இரண்டையும் வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சண்டையைத் தீர்க்க முடியாத பஞ்சாயத்து இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பாகம் எழுதிக்கொடுப்பதுபோல இருந்தது. மூலைக் கேமராக் கட்சிக்கு மட்டும் பங்கு இல்லை.

மகாமகக்கரை

எல்லோருக்கும் நன்றி. மச்சான் இதை முழுக்கப் படித்தார். பாமணிக்கரை அண்ணனின் கடையில் ஆடியவர்களில் தானும் ஒருவனாக இருக்கலாம் என்கிறார், மன்னார்குடியில்தான் பள்ளிப்படிப்பாம்.

2002இன் மறுவுருவாக்கத்தை 2015இல் கணினிக்கும் மெருகேற்றி வெளியிட்டார்கள் அல்லவா, அதைத்தான் வாங்கிக்கொடுத்தேன். நேற்று இரவு தஞ்சாவூரிலிருந்து அழைத்தான். முதல் ஜாம்பி தின்றுகொண்டிருந்ததை விட்டுவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பிய காட்சியில் சிரிப்பு வந்ததாம். நாய்த் தாழ்வாரத்தில் விரிசல் விட்டதைச் சொன்னான், நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று ரிப்பன்களை முதல் மணி நேரத்திலேயே தட்டித் தீர்த்துவிட்டான்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. இந்தப் பதிப்பில் தேர் திரும்பும் பழைய கட்டுப்பாட்டு முறையும் உண்டு, தள்ளும் திசையிலேயே நடக்கும் புதிய முறையும் உண்டு. எதை வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்கிறான்.

அரசலாறு

பழையதை. புதிய முறையில் ஜாம்பிகளைச் சுற்றி வளைத்து ஓடிவிடலாம், பாதி ஆட்டம் வீணாகிவிடும்.

பாமணிக்கரை

புதியதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் தம்பி. ரிப்பனும் தீர்ந்து, திரும்பவும் முடியாமல் நின்றான் என்றால் மூன்றாம் நாளே மூட்டை கட்டிவிடுவான்.