பட்டர் பீன்ஸ் விதைக்கு நேரும் குளிர்ச்சேதத்தை எவ்வாறு அழைப்பது?

அன்புடையீர்,

குளிர்ப்பகுதி வீட்டுத்தோட்டக் கையேட்டில், பட்டர் பீன்ஸ் முளைக்காமல் போவதைக் குறிக்க "விதை அழுகல்" என்பதே போதும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. அழுகல் பின்னால் வருவது. கேடு அதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது.

உலர்ந்த விதை நீரை உறிஞ்சத் தொடங்கும் முதல் சில மணி நேரத்தில்தான் அதன் செல் சவ்வுகள் மீண்டும் ஒழுங்குபெறுகின்றன. அப்போது மண் குளிர்ந்திருந்தால் சவ்வுகள் சீராக அமையாமல், உள்ளிருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் உப்புகளும் வெளியே கசிகின்றன. அக்கசிவை உண்டு பித்தியம் முதலிய நோய்க்கிருமிகள் பெருகிய பிறகே விதை அழுகுகிறது. இந்தத் தொடக்க நேரமே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை, பட்டர் பீன்ஸ் இனத்தைச் சேர்ந்த லைமா அவரை விதைகளைக் கொண்டே பொல்லாக், டூல் என்ற விதை ஆய்வாளர்கள் 1966-இல் காட்டினர். விதை மிகவும் காய்ந்திருந்தாலோ, தோல் கீறியிருந்தாலோ சேதம் மிகும். தப்பி முளைத்தவற்றைத் தோண்டிப் பார்த்தால் வேர்நுனி பழுப்பேறிக் குட்டையாக நிற்பதையும், விதையிலைகள் குறுக்கே வெடித்திருப்பதையும் காணலாம்.

"உறைபனிச் சேதம்" என்பதும் பொருந்தாது. நீர் உறையவே வேண்டியதில்லை, 10 டிகிரி செல்சியஸ் குளிரே இவ்விதைக்குப் போதும். "குளிர்ச்சேதம்" தவறன்று, ஆனால் அது இலைக்கும் பூவுக்கும் எப்பருவத்திலும் நேர்வதையெல்லாம் உள்ளடக்கிவிடுகிறது.

ஆகவே ஒரு முன்னொட்டு தேவை. விதை நீரை உறிஞ்சுவதை "உள்ளீர்ப்பு" என்னும் பாடநூல் வழக்கைப் பின்பற்றி "உள்ளீர்ப்புக் குளிர்ச்சேதம்" எனலாம்; தாவரவியலாருக்கு அது உடனே விளங்கும், தோட்டக்காரருக்கு விளங்காது. விதை "ஊறுகிறது" என்பதோ எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. ஆயினும் "ஊறல்" என்றால் நாளிதழ் படிப்பவர்க்குச் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். "ஊறு" என்பதற்கே சேதம் என்ற பொருளும் உண்டாகையால் "ஊறல் ஊறு" என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்லக்கூடும். அது விடுகதைக்கு ஆகும், கையேட்டுக்கு ஆகாது. "ஊறுநிலைக் குளிர்ச்சேதம்" என்பதையே நான் முன்மொழிகிறேன். சேதம் எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதை "நிலை" வரையறுத்துவிடுகிறது.

கையேட்டில் இச்சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்: "ஊறுநிலைக் குளிர்ச்சேதத்தைத் தவிர்க்க, விதையைக் குளிர்ந்த நீரில் ஊறவைக்காதீர்கள். ஈரத்தாளில் சுற்றி, 20 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள அறையில் மெல்ல ஈரமேற விடுங்கள். பின்னர் தனித்தனிச் சிறு தொட்டிகளில் ஊன்றி, காலையில் மண்வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாத நாள்கள் வந்தபின், வேர் கலையாமல் தோட்டத்திற்கு மாற்றுங்கள்."

நட்ட பிறகு நாற்று குளிரில் வாடினால், அதற்குக் "குளிர்ச்சேதம்" என்ற பொதுச்சொல்லே போதும். அங்கே முன்னொட்டைச் சேர்க்கக் கூடாது.