மறு: ஃபைபர் வள்ளத்துப் பலகை கெடுவதற்கு 'உள்மக்கல்' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஃபைபர் வள்ளத்தில் (கண்ணாடியிழைப் படகில்) உள்ளே இருக்கும் மரம் கெடுவதற்கு எந்தத் தமிழ்ச்சொல் என்பதுதான் கேள்வி. 'உளுப்பு' வேண்டாம் என்பது என் கருத்து. உளுத்த மரம் என்றால் வண்டு குடைந்து மாவு கொட்டும். ஃபைபர் வள்ளத்து அமரப்பலகையில் (பின்புறப் பலகையில்) நடப்பது வேறு. எஞ்சின் மாட்டும் அந்தப் பலகை, இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்தது. போல்ட் துளையில் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) விட்டுப்போனால் தண்ணீர் இறங்கும், வெளியேற வழியில்லை. ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் மரம் தாங்கும். 30-ஐத் தொட்டு அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். இதில் கடல்நீரைவிட மழைநீர் மோசம், உப்பு பூஞ்சைக்கு ஆகாது. ஆனி, ஆடியில் கரையேற்றிய வள்ளத்தில் மழை தேங்கவிடக் கூடாது என்பது அதனால்தான்.

கேரள எல்லை தாண்டிப் பொழியூரில் மரம் மக்கினால் 'த்ரவிச்சு' என்பார்கள். தமிழில் அது 'திரவம்' ஆகிக் குழப்பும். 'மக்கிப்போச்சு' என்றால் எல்லைக்கு இப்பால், குமரி மாவட்டத்து நீரோடியில் எல்லாருக்கும் விளங்கும். ஆகவே 'உள்மக்கல்'.

----

வணக்கம்.

உள்மக்கல் எனக்கும் சம்மதம். கூடவே, ஃபைபர் தோல் மரத்தைவிட்டுப் பிரிவதற்கு 'ஒட்டுவிடல்' என்றும் ஒன்று தேவை. சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல இடம் 'டக்' என்னும், கெட்ட இடம் 'தொப்' என்னும். மரம் மக்கினாலும் ஒட்டு மட்டும் விட்டிருந்தாலும் அதே 'தொப்'தான். உட்பக்கமிருந்து 6 மி.மீ. பிட்டால், வெளித்தோலைத் தொடாமல், துளைத்துப் பாருங்கள். மரச்சுருள் வெளிறிக் காய்ந்து வந்தால் ஒட்டுவிடல். எப்பாக்ஸி (ஒட்டி இறுகும் பிசின்) செலுத்தி இறுக்கினால் போதும். கறுத்து, பிசுபிசுத்து, வாடையோடு வந்தால் உள்மக்கல். அதில் எப்பாக்ஸி ஊற்றுவது காசுக்குக் கேடு, ஈர மரத்தில் அது பிடிக்காது.

உள்தோலைச் சுற்றிலும் 50 மி.மீ. விளிம்பு விட்டு வெட்டியெடுத்து, மக்கியதைச் சுரண்டி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு ஐ.எஸ். 710 (இந்தியத் தரநிலை) மரைன் பிளைவுட்டை சிலிக்கா கலந்த எப்பாக்ஸியில் பதிக்கலாம். அதன்மேல் புது உள்தோல் போட, பழைய தோல் 4 மி.மீ. என்றால் விளிம்பை 48 மி.மீ. சரிவாகத் தேய்க்கவும் (1:12). கடையில் தரும் சாதா மேட் (வெட்டிய கண்ணாடியிழை விரிப்பு) இந்தப் புதுத்தோலுக்கு ஆகாது. அதன் இழைகளைக் கட்டியிருக்கும் பசை பாலியஸ்டர் பிசினிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானில்தான் கரையும், எப்பாக்ஸியில் விறைத்து நிற்கும். தைத்த கண்ணாடியிழைத் துணி வாங்குங்கள்.

போல்ட் 12 மி.மீ. என்றால் 20 மி.மீ. துளையிட்டு, கெட்டி எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் நடுவே 12 மி.மீ. துளைக்க வேண்டும். அப்போது சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. இந்த அடைப்புக்கு 'துளையுறை' என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருத்தமாக வேறு தோன்றினால் மடலிடுங்கள்.