சிவிங்கிப்புலி தன் இரையை ஏன் பறிகொடுக்கிறது?

பென்னாகரம் ஆசிரியர்: வணக்கம். எங்கள் பகுதி மாணவர்கள் சிறுத்தையை அறிவார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்த சிவிங்கிப்புலிகளை (சீட்டா) பற்றிப் பாடம் நடத்தியபோது, அவ்வளவு வேகமாக ஓடும் விலங்கு தான் வீழ்த்திய இரையைப் பிறவற்றிடம் ஏன் இழக்கிறது என்று கேட்டார்கள். எவ்வாறு விளக்கலாம்?

ஓசூர் வாசகர்: ஐயா, வேகத்திற்காக அமைந்த அந்த உடலே காரணம். மெலிந்த உடற்கட்டு, சிறிய தலை, முழுமையாக உள்ளிழுக்க இயலாமல் ஓட்டத்தில் தரையைப் பற்றிக்கொள்ளும் நகங்கள் ஆகிய யாவும் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தைச் சில நூறு மீட்டர்களுக்கு மட்டுமே தருகின்றன. சண்டைக்கு அவை உதவுவதில்லை. துரத்தி முடித்ததும் அது இளைத்துக் களைத்திருக்கும் வேளையில் சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் ஒதுங்கிவிடும். காலில் காயம்பட்டால் அடுத்த வேட்டையே இல்லை என்பதால், இதைக் கோழைத்தனம் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

பாலக்கோடு வாசகர்: நம் காட்டுச் சிறுத்தை பெரும்பாலும் இரவில் வேட்டையாடி, இரையை மரத்தில் ஏற்றிக் காக்கும். சிவிங்கிப்புலிக்கு அந்த வலிமை இல்லாததால், பெரிய ஊனுண்ணிகள் ஓய்வெடுக்கும் பகற்பொழுதையே பெரிதும் தேர்ந்தெடுக்கிறது.

ஓசூர் வாசகர்: ஆம். ஆண் சிவிங்கிப்புலிகள், குறிப்பாக உடன்பிறந்தவை, கூட்டாக வாழ்வதுண்டு. தாயோ குட்டிகளைத் தனித்தே வளர்க்கிறது.