புதுப்பிப்பு: அப்பாவுக்குத் தேர்ந்தெடுத்த வட்டார கிராஃப்ட் பியர்

வெளிறிய லாகரைத் (குளிரில் நொதித்து முதிரும் மென்சுவை பியர்) தவிர வேறெதையும் தொடாத அப்பாவின் பிறந்தநாளுக்கு எந்த வட்டார பியரைப் பரிசளிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு மிகுந்த வகையைப் பரிந்துரைத்தீர்கள். அவருக்குக் கசப்பு ஆகாது என்பதால் அதைத் தவிர்த்து, ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கோல்ஷ், பாம்பெர்க் நகரத்து ரவுக்பியர், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்து லாம்பிக் ஆகிய மூன்றையும் வாங்கினேன்.

கோல்ஷ் அவருக்கு உடனே பிடித்துவிட்டது. மிதமான வெப்பத்தில் வேலைசெய்யும் ஏல் வகை ஈஸ்ட்டால் நொதிக்கவைத்து, பிறகு லாகரைப் போலக் குளிரில் முதிரவிடுவதால், பழகிய சுவையிலிருந்து அது அதிகம் விலகுவதில்லை. 1997 முதல் அப்பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு என்று நான் சொன்னதும், புட்டியின் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார். பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டால் (முளைகட்டிய தானியம்) ஆன ரவுக்பியரை முதலில் முகம் சுளித்துக் குடித்தவர், பாதி குடித்த பிறகு மீதியை எனக்குத் தர மறுத்துவிட்டார். காற்றிலுள்ள காட்டு ஈஸ்ட்டால் புளிக்கும் லாம்பிக் மட்டும் எடுபடவில்லை.

ஒரு தவறும் செய்தேன். பச்சைப் புட்டியில் வந்த இரண்டாவது கோல்ஷைச் சன்னலோரம் வைத்துவிட்டேன். பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் சிதைந்து, அது நாற்றமெடுத்துவிட்டது. பழுப்புப் புட்டியாக இருந்தால் ஓரளவு தப்பியிருக்கும்.